ஆளுநருக்கு விடை கொடுத்த டென்மார்க்

டென்மார்க்கின் பிராந்தியங்களுக்கு மத்திய அரசு நியமிக்கும் ஆளுநர் என்று இன்று எவரும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைகளும், அந்தச் சபைகள் தமக்குள்ளிருந்து தெரிவு செய்யும் தலைவர்களுமே அவற்றை நிர்வகிக்கின்றனர். ஆனால் 1970 வரை நிலைமை வேறாக இருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கோபன்ஹேகனிலிருந்து நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவரே ஒவ்வொரு மாகாணத்திலும் முதன்மையானவராக விளங்கினார். அந்தப் பதவி எப்படிக் கரைந்தது, அது போன பின் மத்தியின் பிடி உண்மையில் தளர்ந்ததா என்பவை, ஆளுநர்களின் அதிகாரம் குறித்து நெடுங்காலமாக வாதிட்டு வரும் இலங்கை, இந்தியத் தமிழர்களுக்கும் தொடர்புடைய கேள்விகள்.

மன்னரின் பிரதிநிதி

1660ஆம் ஆண்டில் டென்மார்க்கில் முழுமையான மன்னராட்சி ஏற்பட்டது. அதுவரை பிரபுக்களின் கையில் இருந்த நிலப்பகுதிகளை மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் தம் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார். 1662இல் அவை 'அம்ட்' எனப்படும் நிர்வாகப் பிரிவுகளாயின. அவற்றின் தலைவரான 'அம்ட்மன்' மன்னரால் நியமிக்கப்பட்டவர். மன்னருக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

டேனிய மன்னரின் ஆட்சியில் நியமன அதிகாரி எவ்வளவு வலிமையுடன் இருக்க முடியும் என்பதைத் தமிழ் மண்ணும் கண்டிருக்கிறது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் தரங்கம்பாடியில் டேனியர் குடியேறினர். அங்கு அதிகாரம் செலுத்திய ஹாசியுஸ், டேனிய மன்னரே அனுப்பி வைத்த மதபோதகரான சீகன்பால்குவை 1708இல் சிறையிலடைத்தார். நான்கு மாதங்களுக்குப் பின்னரே அவர் வெளியே வந்தார். மன்னரின் ஆதரவு பெற்றவருக்கே இந்தக் கதி. தலைநகர் பல மாதக் கடற்பயணத் தொலைவில் இருந்ததால், அங்கு முறையிட்டு உடனடியாக நிவாரணம் பெறவும் வழியிருக்கவில்லை. 1845இல் பிரிட்டிஷாருக்கு விற்கப்படும் வரை தரங்கம்பாடி ஆளுநர்களின் கீழேயே இருந்தது.

டென்மார்க்கிலோ 1841இல் அம்ட் சபைகள் அமைக்கப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அவற்றில் அமர்ந்தாலும், தலைமை நாற்காலி அம்ட்மனுக்கே ஒதுக்கப்பட்டது. 1849இல் அரசியலமைப்புச் சட்டம் வந்து முழுமையான மன்னராட்சி முடிவுக்கு வந்த பிறகும் அந்த நாற்காலி கைமாறவில்லை. தேசிய அளவில் மக்களாட்சி மலர்ந்து நூற்றிருபது ஆண்டுகள் வரை, மாகாண அளவில் நியமன அதிகாரியே சபைக்குத் தலைமை தாங்கினார். ஜனநாயகத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் ஒரு நாட்டில் இது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1970ஆம் ஆண்டின் சீர்திருத்தமே இதை மாற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூராட்சி அமைப்புகள் 277 ஆகவும், அம்ட்கள் 14 ஆகவும் குறைக்கப்பட்டன. சபைத் தலைமை தேர்ந்தெடுக்கப்பட்ட 'அம்ட் மேயரிடம்' சென்றது. அம்ட்மன் ஒழிக்கப்படவில்லை, அரசின் தனி அலுவலகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, குடும்பச் சட்ட விவகாரங்களையும் உள்ளூராட்சி மீதான மேற்பார்வையையும் கவனித்தார். 2006இன் இறுதியில் அந்த அலுவலகங்களும் மறைந்தன.

சட்டத்துக்கு உட்பட்டதா, இல்லையா?

மேற்பார்வை மறைந்துவிடவில்லை. அது இன்று மேல்முறையீட்டு வாரியம் ஒன்றிடம் உள்ளது. சபையின் முடிவு சட்டத்துக்கு முரணானது என்று கண்டால் வாரியம் அதை ரத்துச் செய்யலாம்; சட்டக் கடமையைச் செய்ய மறுக்கும் உறுப்பினர்கள் மீது அபராதமும் விதிக்கலாம். ஆனால் ஒரு முடிவு புத்திசாலித்தனமானதா, மத்திய அரசின் கொள்கைக்கு இசைவானதா என்று கேட்கும் உரிமை அதற்கு இல்லை. டேனிய முறையின் உயிர்நாடி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தக் கோடு தெளிவாக வரையப்படவில்லை. 1987இன் 13ஆவது திருத்தச் சட்டத்தின்படி, இலங்கையில் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடமே வைக்கப்பட்டுள்ளது. மாகாண சபை இயற்றும் நியதிச் சட்டத்துக்கு அவரது சம்மதம் தேவை. நிதி தொடர்பான நியதிச் சட்டமாயின் அவரது பரிந்துரை இன்றி அதைச் சபையில் முன்வைக்கவே இயலாது. தமிழ்நாட்டில், ஆளுநர் ஆர்.என்.ரவி கிடப்பில் வைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கோரிய கருத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று கூறிவிட்டது.

இவற்றுக்கு டென்மார்க்கில் நேரடி ஒப்புமை, சட்டமியற்றும் அதிகாரமுள்ள ஃபாரோ தீவுகளும் கிரீன்லாந்துமே. பெருநிலப் பிராந்தியங்கள் சட்டமியற்றுவதில்லை. ஃபாரோவிலும் ஒரு காலத்தில் அம்ட்மன் இருந்தார். 1816இல் அத்தீவுகளின் தொன்மையான சபை கலைக்கப்பட்டது. 1852இல் ஆலோசனை சபையாக மட்டுமே மீண்டும் வந்தது. 1946 வாக்கெடுப்பில் மிகச் சிறிய பெரும்பான்மையினர் பிரிவினைக்கு வாக்களித்ததைத் தொடர்ந்து சபை கலைக்கப்பட்டது. இந்த நெருக்கடியின் முடிவில்தான் 1948இல் உள்ளகத் தன்னாட்சி வழங்கப்பட்டு, அம்ட்மனின் இடத்தில் உயர் ஆணையர் நியமிக்கப்பட்டார்.

இந்த உயர் ஆணையர் கோபன்ஹேகனின் பிரதிநிதி, பொது விவகாரங்கள் பற்றிய விவாதங்களில் கலந்துகொள்ளலாம், வாக்களிக்க முடியாது. தீவுகளின் சட்டங்களில் கையொப்பமிடுபவர் அங்குள்ள அரசின் தலைவர், உயர் ஆணையர் அல்லர். அதிகார எல்லை பற்றிச் சர்ச்சை எழுந்தால் அது ஒரு குழுவுக்குச் செல்லும். இரு அரசுகளும் தலா இருவரை நியமிக்க, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் உடன் அமர்வர். நால்வரும் ஒத்துப் போகாவிட்டால் நீதிபதிகள் மூவரே முடிவு செய்வர். அதுவரை சர்ச்சைக்குரிய முடிவை டேனியப் பிரதமர் நிறுத்தி வைக்கலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. கிரீன்லாந்து 1979இல் இத்தகைய தன்னாட்சியையும், 2009இல் அதைவிட விரிவான சுயாட்சியையும் பெற்றது.

பணப்பையின் கயிறு

இத்தனைக்கும் பெருநிலப் பிராந்தியங்கள் சுதந்திரமானவை என்று சொல்லிவிட முடியாது. 2007 ஜனவரி 1ஆம் தேதி, அப்போதைய உள்துறை, சுகாதார அமைச்சர் லார்ஸ் லொக்க ராஸ்முசன் முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தின்படி, அம்ட்கள் மறைந்து ஐந்து பிராந்தியங்கள் தோன்றின; உள்ளூராட்சி அமைப்புகள் 98 ஆகச் சுருங்கின. மருத்துவமனைகளை நடத்துவதே பிராந்தியங்களின் தலையாய பணி. ஆனால் அம்ட்களுக்கு இருந்த வரி விதிக்கும் உரிமை அவற்றுக்கு வழங்கப்படவில்லை. அரசின் மானியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் அவை, ஆண்டுதோறும் அரசுடன் பேரம் பேசி உடன்பாடு காண வேண்டியுள்ளது. ஆளுநர் செய்யும் வேலையை இங்கு நிதியமைச்சு சத்தமின்றிச் செய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அது மட்டுமல்ல, சாதாரணச் சட்டம் ஒன்றினாலேயே பிராந்தியங்களை மாற்றியமைக்க முடியும். 2024 நவம்பரில் எட்டப்பட்ட சுகாதாரச் சீர்திருத்த உடன்பாட்டின்படி, தலைநகர்ப் பிராந்தியமும் சீலாந்துப் பிராந்தியமும் இணைக்கப்பட்டு, 2027 ஜனவரி 1 முதல் நான்கு பிராந்தியங்கள் மட்டுமே இருக்கும்.

அம்ட்கள் மறைந்த அதே 2007 ஜனவரி 1ஆம் தேதிதான் இலங்கையில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து முறைப்படி பிரிக்கப்பட்டன. இணைந்திருந்த மாகாணத்தின் சபை 1988இல் தெரிவாகி, 1990இல் கலைக்கப்பட்டது. எஞ்சிய பதினாறு ஆண்டுகளும் ஆளுநர் ஆட்சியே. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படாமல் நிர்வாகம் மீண்டும் ஆளுநரிடமே சென்றது.

டென்மார்க்கில் 1981 முதல், சட்டப்படி மூன்றாண்டுகள் வசித்த வெளிநாட்டவரும் உள்ளூராட்சி, அம்ட் தேர்தல்களில் வாக்களிக்க முடிந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் யூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழ் அகதிகளும் இதனால், டேனியக் குடியுரிமை பெறும் முன்னரே, 1989 நவம்பர் அம்ட் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தனர்.