அலெக்சாண்டர் புஷ்கின் (பாலே ஆசிரியர்)

அலெக்சாண்டர் இவானோவிச் புஷ்கின் (1907 – 20 மார்ச் 1970) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த பாலே நடனக் கலைஞரும் ஆசிரியரும் ஆவார். இதே பெயர் கொண்ட புகழ்பெற்ற ரஷ்யக் கவிஞர் (1799–1837) வேறொருவர். ருடால்ஃப் நூரேயெவ், மிகைல் பாரிஷ்னிகோவ் ஆகிய இரு பெரும் நடனக் கலைஞர்களும் இவரிடம் பயின்றவர்கள். ஒரே ஆசிரியரிடம் கற்றும் இருவரும் ஒருவரைப் போல் ஒருவர் ஆடவில்லை. அதுவே இவரது கற்பித்தலின் சிறப்பாகக் கருதப்படுகிறது.

நடன வாழ்க்கை

புஷ்கின் 1925-இல் லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடனப் பள்ளியில் படிப்பை முடித்தார். பின்னர் கிரோவ் என்று பெயர் பெற்ற, இன்று மரின்ஸ்கி என அழைக்கப்படும் அரங்கில் 1953 வரை ஆடினார். நடனமாடிக்கொண்டிருந்தபோதே, 1932-இல் தாம் படித்த பள்ளியில் ஆசிரியரானார். இறக்கும் வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், கற்பித்தலே அவரது பணியாக இருந்தது. அப்பள்ளிக்கு 1957-இல் அக்ரிப்பினா வாகனோவாவின் பெயர் சூட்டப்பட்டது.

கற்பிக்கும் முறை

பாலே வகுப்பு சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சிகளுடன் தொடங்கும். பின்னர் மாணவர்கள் கூடத்தின் நடுவில் நின்று மெதுவான அசைவுகளையும், இறுதியில் தாவல்களையும் செய்வர். தாவி இறங்கும்போது முழங்கால்கள் மென்மையாக மடங்க வேண்டும். இம்மடக்கம் 'பிளியே' எனப்படும். அது சரியாக அமையாவிட்டால் அடுத்த தாவலுக்கு விசை கிடைக்காது, காயமும் ஏற்படலாம்.

புஷ்கின் அசைவுகளைக் கோக்கும் விதம் இதனோடு தொடர்புடையது. ஓர் அசைவு முடியும் இடத்திலிருந்து அடுத்தது இயல்பாகப் பிறக்கும்படி அவர் பயிற்சிகளை அமைத்தார். வகுப்பில் அவர் அதிகம் பேசுவதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. சுருக்கமாகத் திருத்தம் சொல்லிவிட்டு, மாணவர் தம் பிழையைத் தாமே உணரும்வரை காத்திருப்பார். ஆசிரியர் அருகில் இல்லாத நாளிலும் மாணவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள இம்முறை வழிவகுத்தது.

இரு மாணவர்கள்

நூரேயெவ் 1955-இல், தமது 17-ஆம் வயதில் பள்ளியில் சேர்ந்தார். பொதுவாக மாணவர்கள் பத்து வயதையொட்டிச் சேரும் பள்ளி அது. முதலில் சேர்க்கப்பட்ட வகுப்பில் அவரால் ஒத்துப்போக முடியவில்லை. எனவே அவர் புஷ்கினின் வகுப்புக்கு மாற்றப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் படிப்பை முடித்து, 1958-இல் கிரோவ் குழுவில் இடம்பெற்றார். பின்னர் காலில் காயம்பட்டபோது, புஷ்கினும் அவர் மனைவி செனியாவும் தங்கள் சிறிய வீட்டிலேயே அவரைத் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டனர்.

ரீகா நகரில் பிறந்த பாரிஷ்னிகோவ் 1964-இல் லெனின்கிராட் வந்தார். உயரம் குறைந்தவர் என்பதால் நாயகப் பாத்திரங்கள் அவருக்குக் கிடைப்பது கடினம் எனக் கருதப்பட்டது. புஷ்கின் அவரைத் தூய செவ்வியல் நடனத்துக்கே பயிற்றுவித்தார். 1966-இல் வர்ணா பன்னாட்டுப் போட்டியில் பாரிஷ்னிகோவ் தங்கப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டு கிரோவ் குழுவில் சேர்ந்தார்.

பிரிவு

1961 ஜூன் 16 அன்று பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் நூரேயெவ் பிரான்சிடம் அடைக்கலம் கோரினார். சோவியத் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தி, ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. புஷ்கினும் அதிகாரிகளின் விசாரணைக்கு ஆளானார். ஆனாலும் அவர் வகுப்பைக் கைவிடவில்லை. பாரிஷ்னிகோவ் வந்து சேர்ந்தது இதற்குப் பின்னரே. 1970-இல் லெனின்கிராடில் மாரடைப்பால் புஷ்கின் காலமானார். நூரேயெவ் மீண்டும் தாயகம் செல்ல முடிந்தது 1987-இல்தான். அதனால் ஆசிரியரும் மாணவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை. பாரிஷ்னிகோவும் 1974-இல் கனடாவின் டொராண்டோவில் சோவியத் நடனக் குழுவிலிருந்து விலகி மேற்கு நாடுகளில் தங்கினார்.

தாக்கம்

புஷ்கினின் பயிற்சி அவருடைய மாணவர்களுடன் எல்லை கடந்தது. நூரேயெவ் 1983 முதல் 1989 வரை பாரிஸ் ஓபரா பாலேவின் இயக்குநராக இருந்தார். அங்கே 19 வயதான சில்வி கில்லெமை 1984-இல் முதன்மை நட்சத்திரமாக உயர்த்தினார். பாரிஷ்னிகோவ் 1980 முதல் 1989 வரை அமெரிக்கன் பாலே தியேட்டரின் கலை இயக்குநராக இருந்தார். இருவரும் தங்களை உருவாக்கியவர் புஷ்கின் என்பதை நன்றியுடன் குறிப்பிட்டு வந்தனர். நூரேயெவின் இளமையைச் சித்திரிக்கும் 'தி ஒயிட் குரோ' (2018) திரைப்படத்தில், அதன் இயக்குநரான ரால்ஃப் ஃபைன்ஸே புஷ்கினாக நடித்துள்ளார்.

நடனம் ஆடி முடித்ததும் மறைந்துவிடும் கலை. அது ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குப் பயிற்சியின் வழியாகவே செல்கிறது. தம் மாணவரைத் தமது நகலாக்காமல், தம்மைத் தாமே திருத்திக்கொள்ளப் பழக்கியதால், புஷ்கின் இறந்த பின்னரும் அவரது வகுப்பு அவர் காணாத நாடுகளில் தொடர்ந்தது.