முன்சில்லில் கேட்கும் ‘டொக்’: காசு கொடுக்கும் முன் கண்ணால் பாருங்கள்

கடந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கதையோடு வந்தார்கள். மூவரிடமும் இருப்பது இருபது வருடம் தாண்டிய கெப். மூன்றிலும் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். மூவரும் முதலில் மாற்றியது ஷொக் அப்சோபர். சத்தம் நிற்கவில்லை. அடுத்து வீல் எலைன்மென்ட் செய்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாமவர் ஹங்குரன்கெத்தையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிறவர். “சத்தம் பழகிப்போச்சுண்ணே” என்றார். எனக்குப் பயம் தந்தது அந்தப் பேச்சுத்தான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் இருந்த வண்டியைத்தான் எல்லோரும் ஓட்டினோம். இன்றைய விலையில் பழைய கெப்பை வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் கடுகண்ணாவை இறக்கத்திலும் மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலும் அதை ஓட்டுகிறவர், முன்சில்லைப் பிடித்திருப்பது எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

“வருசா வருசம் டெஸ்ட் பாஸ் ஆகுதே” என்று சொல்கிறவர்கள் கவனியுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நீங்கள் செய்வது புகைப் பரிசோதனை. அதில் புகையைத்தான் பார்ப்பார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனிவதில்லை. லொறியாகப் பதிந்த வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனையும் பல இடங்களில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பதோடு முடிந்துவிடுகிறது. சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் முன்சில்லு உறுதி என்று நம்பாதீர்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். சின்னக் குழிகளில் அடுத்தடுத்துக் ‘டொக் டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் பார் லிங்க், அதன் புஷ், அல்லது ஷொக்கின் மேல் புஷ் என்று சந்தேகிக்கலாம். பிரேக் மிதிக்கும்போதோ வண்டி கிளம்பும்போதோ ஒரே ஒரு ‘டக்’ என்றால் லோவர் ஆம் புஷ்ஷையும் பிரேக் கலிப்பர் ஆணிகளையும் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கேட்டால் டை ரொட் என்ட், ஐட்லர் ஆம், போல் ஜொயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் உயிருக்கு உலை வைப்பது போல் ஜொயின்ட். அது கழன்றால் முன்சில்லு மடிந்து விழும். ஸ்டியரிங் கையில் இருக்கும். வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

இது பழைய வண்டிக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல. 2005இல் டொயோட்டா நிறுவனமே அமெரிக்காவில் டக்கோமா உட்பட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், ஜீப் வகை வண்டிகளைக் கீழ் போல் ஜொயின்ட் குறைக்காகத் திருப்பி அழைத்தது. சில வருடமே ஓடிய வண்டிகளுக்கே அந்த நிலை என்றால் நம்முடையதைச் சொல்லவே வேண்டாம்.

பார்க்கும் விதத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஜக்கை எங்கே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஸ்பிரிங்கோ டோர்ஷன் பாரோ கீழ் ஆமைத் தாங்குகிற வண்டியில், ஜக்கைக் கீழ் ஆமின் அடியில், சில்லுக்குக் கிட்டவாக வைக்க வேண்டும். சேசியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் பாரம் ஜொயின்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜொயின்டும் புதிது போலத் தெரியும். டோர்ஷன் பார் மேல் ஆமோடு இணைந்திருந்தால் சேசியில் வைப்பதே சரி. எதுவானாலும் பின்சில்லுக்குக் கட்டை வையுங்கள், ஸ்டாண்ட் போடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

மரக்கறிக்காரரின் வண்டியை அப்படித்தான் தூக்கினோம். டயருக்கு அடியில் அலவாங்கை விட்டு நெம்பினேன். சில்லு ஒரு விரல் அகலம் மேலெழும்பி ‘டக்’ என்று இறங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஜொயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத் துருத்தண்ணீர். அவர் பேசாமல் சாவியை என்னிடம் தந்துவிட்டார்.

சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். பக்கவாட்டில் ஆட்டினால் டை ரொட், ஐட்லர் ஆம் குறைகள் தெரியும். கராஜ் பாஸ் எதை மாற்றச் சொன்னாலும், “எங்கே ஆடுது, காட்டுங்க” என்று கேளுங்கள். காட்ட முடியாததற்குக் காசு கொடுக்காதீர்கள்.

தேய்ந்த ஜொயின்டை வெல்டிங் அடித்து இறுக்க விடாதீர்கள். கிறீஸ் அடித்துச் சத்தத்தை அமுக்க விடாதீர்கள். புதிய கொட்டர் பின் போட்டார்களா என்று பாருங்கள். ஆம் புஷ் ஆணிகளின் கடைசி இறுக்கு, வண்டி சில்லில் நின்ற பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். எலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகு.

அடுத்தது பில். நம்மவர்கள் தொலைப்பது இதைத்தான். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதும் அவர் பொறுப்பு. வண்டி இலக்கம், திகதி, ஓடிய கிலோமீற்றர், மாற்றிய பாகம், கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

வேலை பிழைத்து, கராஜ்காரரும் கைவிரித்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் அழைப்போடு நின்றுவிடாதீர்கள். அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதுவும் சேவை பெற்ற 3 மாதத்துக்குள். என்ன வேலை கேட்டீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன பிழைத்தது, என்ன நிவாரணம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பில்லின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதுவது அரசியலமைப்பு தந்த உரிமை. “சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாங்க” என்று எந்த மேசையிலாவது சொன்னால் திரும்பி வராதீர்கள். பணத் தகராறு மட்டும் என்றால் பிரதேச மத்தியஸ்த சபையும் உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

மூன்று மாதம் என்பதை மறுபடி சொல்கிறேன். என்னிடம் வந்த மூவரில் இருவர் அதைத் தாண்டியிருந்தார்கள். மூன்றாமவரிடம் பில் இல்லை.

போல் ஜொயின்டையும் மறுபடி சொல்கிறேன். நெம்பும்போது ஆட்டம் தெரிந்தால் “கராஜ் வரைக்கும்தானே” என்று ஓட்டாதீர்கள். பிரேக்டவுன் வண்டியை அழையுங்கள். கண்டியைச் சுற்றி எந்தக் கராஜுக்குப் போனாலும் வழியில் ஓர் இறக்கம் உண்டு.