கட்டை விரலுக்கு எத்தனை அர்த்தம்?

குட்டீஸ், ஒகேனக்கல் போயிருக்கிறீர்களா? தர்மபுரி மாவட்டத்தில் காவிரி அருவியாகக் கொட்டும் இடம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. ஆக, 'புகையும் பாறை'! ஆனால், அந்தப் பாறையில் நெருப்பு ஏதும் இல்லை. அருவி விழும் வேகத்தில் மேலே எழும்பும் நீர்த்துளிகள்தான், தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் புகையாகத் தெரிகின்றன.

போனில் நாம் அனுப்பும் இமோஜிகளும் இப்படித்தான். அனுப்புகிறவர் நினைப்பது ஒன்று, பார்ப்பவர் புரிந்துகொள்வது இன்னொன்று!

ஒகேனக்கல்லில் பரிசலில் போன படத்தை, அப்பாவின் போனிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, உயர்த்திய கட்டை விரலைப் போடுவார். 'ரொம்ப நல்லா இருக்கு' என்று அர்த்தம். கல்லூரி படிக்கும் அக்காவுக்கோ அது, 'சரி சரி, பேச்சை முடி' என்பது போலத் தோன்றலாம். அக்கா ஒரு மண்டை ஓட்டைப் போடுவார். தாத்தா பதறிவிடுவார்! பரிசலில் நீங்கள் முழித்த முழியைப் பார்த்து, 'சிரிச்சே செத்தேன்' என்பதுதான் அக்கா சொன்னது.

கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் இருக்கிறதே, அதைத்தான் ஆக்ஸ்போர்டு அகராதி 2015-ம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இன்று இளைஞர்கள் பலருக்கு அது 'பெரியவங்க இமோஜி'!

'இமோஜி' ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ல் ஷிகெடகா குரிடா என்பவர், டோகோமோ என்ற ஜப்பான் செல்போன் நிறுவனத்துக்காக 176 படங்களை உருவாக்கினார்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 முதல் 84 வயது வரையுள்ள 523 பேரிடம் இமோஜி முகங்களைக் காட்டி, என்ன உணர்ச்சி என்று கேட்டார்கள். 2024-ல் முடிவு வெளியானது. வியப்பு, பயம், சோகம், கோபம் ஆகிய நான்கையும் வயதானவர்களைவிட இளையவர்களே சரியாகச் சொன்னார்கள்.

அர்த்தம் மாறினால் வேலையே போகலாம்! ரயில்வே பாதுகாப்புப் படையின் வாட்ஸ்அப் குழுவில், ஓர் அதிகாரி கொல்லப்பட்ட செய்தி வந்தது. அதற்குக் காவலர் ஒருவர் கட்டை விரல் போட்டார். சாவைக் கொண்டாடினார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டை விரலை 'சரி, பார்த்துவிட்டேன்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது என 2024-ல் நீதிமன்றம் கூறியது. அவரை வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவும் உறுதியானது.

அதனால், பெரியவர்களுக்குப் படத்தை மட்டும் தட்டிவிடாமல், கூடவே இரண்டு வார்த்தையும் எழுதுங்கள். சோகமான செய்தி என்றால் வார்த்தைதான் நல்லது. யாராவது அனுப்பிய இமோஜி மனதை வருத்தினால், கோபப்படும் முன், 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டுவிடுங்கள்.

இன்றே ஒரு சோதனை! கட்டை விரல் இமோஜியை வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டி அர்த்தம் கேளுங்கள். எத்தனை பதில் வருகிறது என்று எண்ணிப் பாருங்களேன்!