மாறியது எவ்வளவு?

தொண்டு நிறுவனம் ஒன்றின் திட்டம் எவ்வளவு பயன் தந்தது என்பதை அளக்க, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிய வேண்டும். எத்தனை முகாம், எத்தனை பேர் என்பதெல்லாம் செய்த வேலையின் கணக்கு மட்டுமே.

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையை ஒட்டிய மலைக்கிராமங்களில் ஓர் அமைப்பு மாலை வகுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பிள்ளைகள் நன்றாக வாசித்தால் பெயரெல்லாம் வகுப்புக்குப் போகும். ஆனால் அதே ஓராண்டில் பிள்ளைகளுக்கு வயதும் ஏறியிருக்கிறது, பள்ளியும் நடந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பின் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யை ஆய்வாளர்கள் அளந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், ஊரகப் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் இத்திட்டத்தின் தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்புக்கு உரியது 24 சதவீதம். முழுப் பெருமையும் அதற்கில்லை. ஆனாலும் கால் பங்கு என்பது பெரிய காரியம்.

திட்டம் கிடைத்த ஊர்களைக் கிடைக்காத ஊர்களோடு ஒப்பிட நம்பகமான வழி, எந்த ஊருக்குத் திட்டம் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் அமைப்பு 134 கிராமங்களில் இதைச் செய்தது. குலுக்கலில் வந்த 30 ஊர்களில் மாதந்தோறும் தடுப்பூசி முகாம் தவறாமல் நடந்தது. வேறு 30 ஊர்களில் முகாமோடு, ஊசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் தட்டுகளும் கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் வழக்கம்போல இருந்தன. எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் வழக்கமான ஊர்களில் 6 சதவீதம், முகாம் ஊர்களில் 18, பருப்பு கொடுத்த ஊர்களில் 39.

பருப்பு கூடுதல் செலவு என்றே யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொன்னது. எத்தனை குழந்தை வந்தாலும் செவிலியரின் சம்பளம் மாறாது. கூட்டம் கூடியதும் ஒரு குழந்தைக்கான செலவு 56 டாலரிலிருந்து 28 டாலராகப் பாதியானது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஊர்கள் சிறியவை. ஓர் ஊருக்குக் கொடுத்து அடுத்த ஊரை விட்டுவிட மனம் வராது. எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டில் போக எப்படியும் ஆளோ பணமோ இல்லாதபோது, முதலில் எந்த ஊர் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம். காத்திருக்கும் ஊர்களே ஒப்பீட்டுக்கு உதவும். வகுப்பைப் பாதியில் விட்டு, பெற்றோரோடு வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகளையும் தேடிப்பிடித்துச் சோதிக்க வேண்டும். கடைசிவரை நின்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றியாகவே தெரியும்.