டிராக்டருக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், இன்ஷூரன்ஸ் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். என்ன பாலிசி என்று கேட்டால் தெரிவதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். உங்கள் டிராக்டர் மோதி, வேறொருவருக்கு உயிரிழப்போ காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் அதில் ஈடு உண்டு. உங்கள் டிராக்டரே வாய்க்காலில் கவிழ்ந்தாலும், வைக்கோற்போரோடு எரிந்தாலும், களவு போனாலும் ஒரு காசும் வராது. அதற்கு முழுப் பாலிசி வேண்டும். கடன் தீராத வண்டிக்கு இதுவே ஏற்றது. மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும். களவு போனால் கிடைக்கும் தொகையும் குறையும். மிகப் பழைய வண்டியானால், பிரீமியத்தையும் இன்றைய மதிப்பையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். விவசாய உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றினால், விபத்தின்போது கம்பெனி ஆட்சேபிக்கும். நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது நம் பக்கம் சகஜம். வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கான நஷ்டஈடு உங்கள் தலையில் விழக்கூடும். மட்கார்டில் உட்கார்ந்து வருபவருக்கும் இதே நிலைதான்.

விபத்து நேர்ந்தால் போலீசுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்முன் வண்டியைப் பழுது பார்க்க வேண்டாம்.