கடுக்காய் மையும் தாத்தாவின் நோட்டும்

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியில் தாத்தாவின் நோட்டுப் புத்தகங்கள் அகப்பட்டனவாம். ரயில்வே வேலை, கலியாணச் செலவு, பங்காளிச் சண்டை எல்லாம் நீலக்கறுப்பு மையில். ஓரங்கள் உதிர்கின்றன, எழுத்து பழுப்பேறி மறுபக்கம் தெரிகிறது. லேமினேஷன் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் ஆகாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

அந்த எழுத்து ஏன் பழுப்பேறுகிறது? பழைய நீலக்கறுப்பு மைகள் பலவற்றின் சூட்சுமம் நாட்டு மருந்துக்கடையிலேயே இருக்கிறது. கடுக்காய்க் கஷாயத்தில் ஒரு சிட்டிகை அன்னபேதி போட்டால் கண்ணெதிரே கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பு டானின். அன்னபேதி இரும்பு சல்பேட். இரண்டும் சேர்ந்த கரைசல் தாளின் இழைக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அங்கேயே கறுப்பாகிறது. எழுதும்போது வெளிறியிருக்கும் வரி மறுநாள் கருகருவென்று நிற்கும். அதிலுள்ள நீலம், எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காகக் கலந்த சாயம்தான். தண்ணீருக்கு எளிதில் கரையாது என்பதால் பத்திரங்களுக்கும் பதிவேடுகளுக்கும் இந்த மையையே நம்பினார்கள்.

ஆனால் மையில் எஞ்சிய அமிலமும் இரும்பும் தாளை மெல்ல அரித்துப் பழுப்பேற்றுகின்றன. ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். ஐப்பசி அடைமழையில் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் நோட்டை வைப்பது கொடுமை. பரணும் கோடையில் அடுப்புதான். உலர்ந்த, காற்றோட்டமுள்ள உள்ளறை அலமாரியில், அமிலமில்லாத தாளில் சுற்றிப் படுக்கவைத்தால் போதும்.

அதற்கு முன் பிரதி எடுக்க வேண்டும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அட்டை முதல் வெற்றுப் பக்கம் வரை ஒன்று விடாமல் படம் பிடித்து, இரண்டு இடங்களில் சேமிக்கலாம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்டெடுத்துப் பிரதி எடுத்தார். பின்னாளில் மூல ஏடுகள் சில காணாமல் போயின. அந்தப் பகுதிகள் கிடைத்தது பிரதியின் புண்ணியத்தால்.

நகைக்கு லாக்கர் தேடுகிற குடும்பங்கள் தாத்தாவின் நோட்டைப் பழைய பேப்பர்காரரின் தராசில் போடுவது மனதை வருத்துகிறது.

வாசகியின் பாட்டி இன்னும் இருக்கிறாராம். நோட்டில் ஓரிடத்தில் ‘ரா.சா. வந்தான், முப்பது ரூபாய் கொடுத்தேன்’ என்று இருக்கிறது. அந்த ரா.சா. யார் என்று பாட்டியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு, அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்துவிட வேண்டும்.