இல்லாத கை ஏன் வலிக்குது?

விபத்துல கையை எடுத்தாச்சு. ஆனா விரல் வலிக்குது. 'மனப்பிரமை'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? இல்லைன்னு காட்டினவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சவர், மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரோட பேரன்.

மூளையில நம்ம உடம்புக்கு ஒரு மேப் இருக்கு. அதுல கைக்குப் பக்கத்து வீடு முகம். கையோட சிக்னல் நின்னதும் முகத்தோட சிக்னல் அந்த இடத்துக்குள்ள வந்துடுதுங்கறது அவர் விளக்கம். அதனாலதான் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டா, இல்லாத விரலைத் தொட்ட மாதிரி இருக்கு.

1990-களில் அவர் ஒரு பெட்டியில கண்ணாடி வெச்சார். இருக்கிற கையோட பிம்பம், இல்லாத கை இருந்த இடத்துல தெரியும். அதை விரிச்சா, இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரியறதா சிலர் உணர்ந்தாங்க, வலி குறைஞ்சுது. எல்லாருக்கும் பலிக்கலை.

கோடு எழுதற எனக்கு இது இப்படித்தான் புரியுது: சென்சர் போனாலும் புரோகிராம் ஓடுது. அந்த வலி நிஜம். யாராவது சொன்னா நம்புங்க.